கிளீனர் சீட்டில் கற்ற தொழில்

லாரி ஓட்டுநர் வேலைக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்த வழி கிளீனர் சீட்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் வட்டாரங்களில் தலை நரைத்த ஓட்டுநர்கள் பலரும், பள்ளிக்கூடத்தை விட்ட வயதில் வண்டி கழுவவும் டயர் கழற்றவும் ஏறியவர்கள்தான். முதல் சில ஆண்டுகள் இடது பக்க இருக்கை. பிறகு, வண்டி காலியாகத் திரும்பும்போது ஆளில்லாத சாலையில் கொஞ்ச தூரம் ஸ்டியரிங். அதன் பிறகு உரிமம், கடைசியில் தனி வண்டி. புத்தகமோ வகுப்போ இல்லை. கற்றுக்கொடுத்தவர் டிரைவர் அண்ணன். அந்த இருக்கை இன்று பெரும்பாலான வண்டிகளில் காலியாகிவிட்டது. ஓட்டுநர் கிடைப்பதில்லை என்று லாரி உரிமையாளர்கள் சொல்லும் குறைக்கும் இந்தக் காலி இருக்கைக்கும் நேரான தொடர்பு உண்டு.

நாமக்கல் இந்தத் தொழிலின் தலைநகரம். 1997 ஜனவரி 1-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கும் முன்பே, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளால் வெளி மாநிலங்களிலும் பெயர்பெற்றிருந்த ஊர் அது. ஆலையிலிருந்து சேஸிஸ் மட்டும் வந்து சேரும். அதன் மேல் கேபினும் சரக்கு ஏற்றும் பாடியும் கட்டி, வண்ணம் தீட்டி, பெயர் எழுதி அனுப்புவது உள்ளூர்த் தொழிலாளர்களின் கைவேலை. தென் மாநிலங்களில் சமையல் எரிவாயு கொண்டு செல்லும் புல்லட் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கம் இங்கேதான் இயங்குகிறது. மாவட்டத்தின் கோழிப்பண்ணை முட்டைகள் கேரளத்துக்கு லாரியில் போகின்றன. பக்கத்துத் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட வட மாநிலங்கள் வரை போய் மாதக்கணக்கில் தங்கிவிடும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல்லைத் தொட்டுப் போகிறது. மழையை நம்பிய மேட்டு நிலங்கள் மிகுந்த இந்தப் பகுதியில், விவசாயத்தை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாத குடும்பங்களுக்கு லாரி இரண்டாவது வாழ்வாதாரமானது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களே இங்கு மிகுதி. அவர்களில் பலரும் ஒரு காலத்தில் ஓட்டுநராக இருந்தவர்கள்.

கிளீனருக்கு இன்னது வேலை என்று எழுதி வைத்தது கிடையாது. டிரைவர் ஓட்டுவதைத் தவிர மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. விடியலில் கண்ணாடியைத் துடைப்பார். ரேடியேட்டரில் தண்ணீரும் இன்ஜினில் ஆயிலும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு இரும்புக் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். காற்று நிறைந்த டயர் கம்பியைத் துள்ளவிடும், சத்தமும் கணீரென்று வரும். காற்று இறங்கிய டயர் மந்தமாகச் சத்தமிடும். பின்னால் இருக்கும் இரட்டை டயர்களில் உள்பக்க டயர் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அந்த இரண்டு டயர்களுக்கு இடையே கல் சிக்கியிருந்தால் நெம்பி எடுத்துவிட வேண்டும். ஓட்டத்தில் அது தெறித்தால் பின்னால் வருகிறவர் உயிருக்கே ஆபத்து. மேட்டில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவதும், பின்னால் எடுக்கும்போது கீழே இறங்கி நின்று "வரட்டும், வரட்டும்… ஓல்டேன்!" என்று குரல் கொடுப்பதும் கிளீனர்தான்.

சரக்கைக் கட்டுவது தனி வித்தை. தார்ப்பாய் இரண்டு விரித்தால் முன்னால் உள்ளதன் ஓரம் பின்னால் உள்ளதன் மேல் படிய வேண்டும். மாறிப் படிந்தால் எதிர்க்காற்று உள்ளே புகுந்து கிழித்துவிடும். சர்க்கரையோ சிமென்ட்டோ ஏற்றியிருந்தால், ஒரு சிறு கிழிசல் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அந்த நடையின் வருமானத்தையே தின்றுவிடும். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்திக் கயிற்றை மறுபடி இறுக்க வேண்டும். ஓட்டத்தின் அதிர்வில் மூட்டைகள் படிந்து இடைவெளி குறைய, முதலில் போட்ட கட்டு தளர்ந்திருக்கும். எடை எங்கே உட்கார்கிறது என்பதையும் கிளீனர் இங்கேதான் பழகுகிறார். எல்லாம் பின்னால் குவிந்தால் முன் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. ஒரு பக்கம் அதிகமானால் வளைவில் அந்தப் பக்கமே சாயும். ஓட்டக் கற்பதற்கு முன் இதைக் கற்றவர்கள், பின்னாளில் வண்டியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். இந்தப் படிப்புக்கு ஈடு வேறில்லை.

சட்டம் போடும் பாதை வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதில் இலகுரக வாகன உரிமம் பெறலாம். சரக்கு வண்டி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் கிடைக்க, இலகுரக உரிமம் பெற்றுக் குறைந்தது ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ளவை இலகுரகம், 12,000 கிலோவுக்கு மேற்பட்டவை கனரகம். இலகுரக உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இதனால் சிறிய சரக்கு வண்டியில் கை பழகி, பிறகு பெரிய வண்டிக்கு மாறுவது இளைஞர்களுக்கு எளிதாகியிருக்கிறது. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. படிப்பில்லாமல் கிளீனர் வேலையோடு நின்றுபோன பலருக்கு அது கதவைத் திறந்தது. சமையல் எரிவாயு, பெட்ரோல், அமிலம் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கு இவை போதா. அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்று உரிமத்தில் பதிந்திருக்க வேண்டும்.

இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறும் நாளில் பழகுநருக்கு முதலில் உறைப்பது வண்டியின் எடை. பத்துச் சக்கர லாரி சரக்கோடு ஏறத்தாழ 28 டன். அதற்கு மேல் சக்கரங்கள் உள்ள பெரிய வண்டிகள் அதைவிடக் கனம். கார் ஓட்டிப் பழகியவர் பிரேக்கை மிதித்ததும் நிற்கும் என்று எதிர்பார்ப்பார். லாரி அப்படி நிற்காது. அதில் பிரேக் பிடிப்பது காற்று. இன்ஜினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரெஸர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் நிரப்புகிறது. மிதியை மிதித்தால் அந்தக் காற்று சக்கரங்களுக்குப் போய் பிரேக்கை அழுத்துகிறது. மிதிப்பதற்கும் பிடிப்பதற்கும் இடையே ஒரு கணம் ஆகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் காற்று ஏறும் வரை வண்டியை எடுக்கவே கூடாது. இறக்கத்தில் மிதித்து விட்டு மிதித்து விட்டு வந்தால், கம்ப்ரெஸர் நிரப்புவதைவிட வேகமாகக் காற்று செலவாகிவிடும். தொடர்ந்து அழுத்தியே வந்தால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். முன்னால் போகிற வண்டிக்கும் தன் வண்டிக்கும் இடையே நல்ல இடைவெளி விடச் சொல்லிப் பழைய ஓட்டுநர்கள் ஓயாமல் கண்டிப்பது இதனால்தான். அந்த இடைவெளியில் கார்கள் வந்து நுழைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் மறுபடி பின்தங்கி இடைவெளி உண்டாக்கும் பொறுமை வருவதற்குப் பழகுநருக்கு நாளாகும்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாய் இந்தப் பாடத்தைக் கடுமையாகச் சொல்லித் தரும் இடம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருகிற பக்கம் நீண்ட இறக்கம், அதிலேயே வளைவுகள். பெங்களூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பாரம் ஏற்றி வரும் வண்டிகள் இங்கே கட்டுப்பாடு இழந்து, முன்னால் போகிற வண்டிகள் மேல் மோதிய விபத்துகள் ஏராளம். பல உயிர்கள் போயிருக்கின்றன. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் வண்டியை உருட்டி விடுவது ஒரு முக்கியக் காரணம். கியரில் இருக்கும்போது இன்ஜினே சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். நியூட்ரலுக்குப் போனதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. மொத்த எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியதாகிறது. இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டு இன்ஜின்களில் இந்தச் சிக்கனம் வெறும் நம்பிக்கைதான். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் இருந்தாலோ இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். மேடு ஏற எந்த கியர் தேவையோ அதே கியரில்தான் அதே மேட்டிலிருந்து இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. பழகுநர் இதைக் காதால் கேட்டு ஒப்புக்கொள்வார். பாரம் ஏற்றிய வண்டியில் பக்கத்தில் தேர்ந்த ஒருவர் இருக்க, ஒருமுறை அந்த இறக்கத்தில் இறங்கினால்தான் உடம்பு ஒப்புக்கொள்ளும்.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் பக்கம் ஏறும் திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் வளைவின் வெளி ஓரம் வரை போய்த்தான் திருப்ப வேண்டும். எதிரே வண்டி வந்தால் யார் நிற்பது, யார் போவது என்பதை விளக்கைக் காட்டித் தீர்த்துக்கொள்கிறார்கள். புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் இந்தச் சாலையில் இரவு நேரச் சரக்குப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. எந்தச் சாலையில் எந்த நேரத்தில் விடுவார்கள், எந்த நகரத்தில் பகலில் கனரக வாகனத்துக்கு அனுமதி இல்லை என்ற கணக்கெல்லாம் ஓட்டுநரின் தலைக்குள்தான் இருக்கின்றன. கைபேசி வரைபடம் வழி காட்டும். லாரி நுழைய முடியாத பாலத்தையும், உயரம் இடிக்கிற மின்கம்பியையும் அது சொல்லாது.

ஓட்டுநரின் உண்மையான எதிரி தூக்கம். பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் விடியும் வரை உடம்பு தானாகவே உறக்கத்துக்கு இழுக்கும் நேரம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. நான்கு நொடி கண் அயர்ந்தால் 65 மீட்டருக்கு மேல் ஆள் இல்லாமல் ஓடியதாகும். நின்றிருக்கும் லாரியின் பின்னால் மோதும் அதிகாலை விபத்துகள் பலவும் இப்படி நடப்பவைதான். வெற்றிலை, புகையிலை, டீ, முகம் கழுவுதல், சத்தமாகப் பாட்டு என்று ஓட்டுநர்கள் கையாளும் வழிகள் தூக்கத்தைச் சிறிது தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. அந்த நேரத்தில் கிளீனர் இருப்பது பெரிய பாதுகாப்பு. பேச்சுக் கொடுப்பதும், டிரைவரின் தலை ஆடுகிறதா என்று பார்ப்பதும், ஓரம் கட்டச் சொல்வதும் அவர் வேலை. கிளீனர் தூங்கினால் டிரைவருக்குத் தூக்கம் வரும் என்ற நம்பிக்கை லாரிக்காரர்களிடம் உறுதியாக உண்டு. அதற்காகவே இரவில் கண் மூடிய கிளீனர்கள் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்டம் வரம்பு வைக்காமல் இல்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. நெடுந்தூரத் தடங்களுக்கு அதை நாளுக்கு 10, வாரத்துக்கு 54 என்று தளர்த்தியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. ஆனால், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது நேரடியாகப் பொருந்தியது. ஒரு வண்டி, இரண்டு வண்டிக்காரர்களால் நடக்கும் தொழிலில் அந்த வரம்பு காகிதத்தோடு நின்றுபோனது வியப்பில்லை. நேரத்தை உண்மையில் தீர்மானிப்பது சரக்கு போய்ச் சேர வேண்டிய கெடுவும், அடுத்த லோடு கிடைக்கும் கணக்கும்தான்.

புதிதாக வருகிறவர்கள் எதிர்பார்க்காதது காத்திருப்பு. லாரி வாழ்க்கை என்றால் ஓடிக்கொண்டே இருப்பது என்று நினைத்து வருவார்கள். லோடு ஏற்ற ஆலை வாசலில் ஒரு நாள், இறக்கக் கிடங்கு வாசலில் இன்னொரு நாள், ரிட்டர்ன் லோடு கிடைக்க புக்கிங் ஆபீஸ் பக்கம் சில நாள் என்று நின்றே கழியும் பொழுது மிக அதிகம். மொழி தெரியாத ஊரில், நிழலில்லாத இடத்தில், கழிப்பறை இல்லாமல் அப்படி நிற்பது ஓட்டுவதைவிடக் களைப்பு. வண்டியை விட்டுப் போகவும் முடியாது. டீசல், பேட்டரி, ஸ்டெப்னி, தார்ப்பாய் எது வேண்டுமானாலும் காணாமல் போகும். வாடகை ஒப்பந்தத்தில் காத்திருப்புக்கு ஹால்டிங் என்று ஒரு தொகை உண்டு. அது முறையாக ஓட்டுநர் கைக்கு வந்து சேர்வது உரிமையாளரின் மனதைப் பொறுத்தது. சம்பளமும் ஒரே முறையில் இல்லை. மாதச் சம்பளத்தோடு பேட்டா, நடைக்கு இவ்வளவு என்று மொத்தமாக, வாடகையில் ஒரு பங்கு என்று ஆளுக்கு ஆள் ஏற்பாடு மாறும். நடைக் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு நின்ற நாளுக்குக் காசில்லை. அந்த நாட்களை ஈடுகட்டத்தான் ஓடும் நாட்களில் தூக்கத்தைக் குறைக்கிறார். விபத்துக்கான காரணங்களில் இந்தக் கூலி முறைக்கு இருக்கும் பங்கை யாரும் போதிய அளவு பேசுவதில்லை.

இந்த வாழ்க்கைக்கே உரிய நிறைவும் உண்டு. தமிழ் மட்டும் தெரிந்து கிளம்பியவர் சில நடைகளில் தெலுங்கும் கன்னடமும் புரிந்துகொள்கிறார். வடக்கே போய் வந்தால் பேரம் பேசும் அளவுக்கு இந்தி வந்துவிடுகிறது. வண்டிக்கு அடியில் தொங்கும் பெட்டியிலிருந்து ஸ்டவ்வை எடுத்துச் சாலையோரம் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, பக்கத்து வண்டிக்காரரோடு பகிர்ந்து சாப்பிடும் வழக்கம் நாமக்கல் வண்டிகளில் நெடுநாளாக உண்டு. நாசிக்கில் வெங்காயம் ஏற்றுகிறவருக்கும் சேலத்தில் இரும்பு ஏற்றுகிறவருக்கும் நாட்டின் சந்தை எப்படி ஓடுகிறது என்பது பட்டறிவாகத் தெரியும். பஞ்சராகி நிற்கும் வண்டியைக் கண்டால் நிறுத்தி ஜாக்கி கொடுப்பதற்கு மாநிலமோ மொழியோ தடையில்லை.

அலைக்கழிப்பில் ஒரு பகுதி அண்மைக் காலத்தில் குறைந்திருக்கிறது. 2017 ஜூலை 1-இல் சரக்கு, சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. முன்பு அங்கே வரிசையில் நின்றே ராத்திரி கழியும். 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மின்வழி ரசீது வந்தது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. வழியில் கைநீட்டுவோர் மறைந்துவிடவில்லை. ஆனால் சுங்கத்துக்குக் காசை எண்ணிக் கொடுத்துச் சில்லறைக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். கோடையில் இன்ஜின் சூட்டோடு வெயில் சூடும் சேர்ந்து வேகும் கேபினில் காலம் தள்ளியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

விபத்து நடந்தால் தப்பு யாருடையது என்று பார்க்கும் முன்பே கூட்டம் அடிப்பது லாரி டிரைவரைத்தான். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்வது ஓட்டுநரின் கடமை என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, கூட்டத்தின் ஆத்திரம் போன்ற காரணங்களால் அது முடியாமல் போகலாம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, கவனமின்றி ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுக் காவல்துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் போகிறவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. இதை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் பல இடங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1-இல் மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓடிப்போவது சரியல்ல, அதே நேரம், நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற அச்சத்தைப் போக்காமல் தண்டனையை மட்டும் கூட்டுவதும் நியாயமாகாது. உடனே 112-க்கோ 108-க்கோ அழைத்துவிட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் பழகுநருக்குச் சொல்ல வேண்டிய முதல் பாடம்.

உடம்பு கொடுக்கும் விலை மெல்லத்தான் தெரியவரும். முதுகுவலி, மூட்டுவலி, நேரம் தவறிய சாப்பாட்டால் வயிற்றுப்புண், பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தம். பார்வைக் குறைவு இருந்தும் கண்ணாடி போடாமல் இரவில் ஓட்டுகிறவர்கள் உண்டு. வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். எச்.ஐ.வி. பரவிய காலத்தில் இந்தத் தொழில் பெரிய அடி வாங்கியது. மாதக்கணக்கில் வீட்டை விட்டுத் தனித்திருக்கும் ஆண்கள் வழியாக நோய் கிராமங்களுக்குள் வந்தது. நாமக்கல் மாவட்டம் பாதிப்பு மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் லாரிக்காரர்களைத் தனிப் பிரிவாக எடுத்து, லாரிகள் நிற்கும் இடங்களிலேயே மருத்துவமும் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கச் செய்தது. தொழிலாளரைத் தேடி மருத்துவம் போனால் பலன் உண்டு என்று அது நிரூபித்தது. சர்க்கரைக்கும் கண்ணுக்கும் அதேபோலச் செய்யத் தடை எதுவும் இல்லை.

வீட்டில் நடக்கும் நல்லது கெட்டது எதிலும் நேரத்துக்கு இருக்க முடியாது என்பது ஓட்டுநர் குடும்பங்களில் பழகிப்போன வருத்தம். லாரி டிரைவர் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்ற பேச்சு கொங்குப் பகுதியில் சாதாரணமாகக் காதில் விழும். தன் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது என்று ஓட்டுநர்களே நினைக்கிறார்கள். வட மாநிலங்களிலிருந்து ஓட்டுநர்களை அழைத்து வந்து வண்டி ஓட்டும் உரிமையாளர்களும் இன்று உண்டு.

கிளீனர் சீட்டு காலியானதற்குக் காரணங்கள் பல. ட்யூப் இல்லாத ரேடியல் டயர்கள் வந்தபின் பஞ்சர் குறைந்தது. பவர் ஸ்டியரிங் வந்தது. கைபேசி வந்ததால் வழி கேட்க ஆள் தேவையில்லை. சாலைகள் நான்கு வழியாயின. டீசலும் சுங்கமும் ஏற ஏற, மிச்சப்படுத்தக் கிடைத்த செலவு கிளீனரின் சம்பளமும் சாப்பாடும்தான். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஒருவர் கால் நீட்டிப் படுக்க ஓட்டுநருக்குப் பின்னால் நீள இருக்கை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லிவந்தன. இரண்டாவது ஓட்டுநர் வேண்டும் என்ற கட்டாயம் 2018-இல் நீக்கப்பட்டது. அந்த விதி அதற்கு முன்பும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனாலும் 2,000 கி.மீ.க்கு மேல் போகும் நடைக்குத் தனி ஆளை அனுப்புவதை இப்போது சட்டமே அனுமதிக்கிறது. இது தவறான முடிவு. துணைக்கு இருந்த ஆளும் போய், அடுத்த ஓட்டுநரை உருவாக்கும் இடமும் போனது.

அதற்கு மாற்றாகப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு உண்டு. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனம் ஓட்டுநர் பயிற்சி நிலையம் நடத்துகிறது. சாதாரண ஓட்டுநர் பள்ளிகளுக்கு விதிகள் வைத்திருப்பது, போக்குவரத்து வாகனம் என்றால் 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரமாவது வண்டி ஓட்டிப் பழகுவது. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத் திட்டத்தில், கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம். ஓட்டுவதுபோன்ற அனுபவம் தரும் சிமுலேட்டர் கருவியும் அங்கே இருக்க வேண்டும். சட்டம், சைகை, இன்ஜினின் வேலை, சரியான கியர் ஆகியவற்றைப் பழைய டிரைவர் அண்ணன்களைவிட இந்தப் பள்ளிகள் ஒழுங்காகக் கற்றுத் தருகின்றன. பழைய முறையில் அடியும் திட்டும் இருந்தன, உரிமம் இல்லாத சிறுவன் கையில் ஸ்டியரிங் போனதும் உண்டு. அது திரும்ப வேண்டியதில்லை. ஆனால் மைதானத்தில் காலி வண்டியில் பழகியவருக்கு, பாரத்தோடு தொப்பூர் இறங்குவதோ, மழை இரவில் எதிரே வரும் விளக்கு வெளிச்சத்தில் சாலை ஓரத்தைக் கண்டுபிடிப்பதோ, அரைத் தொட்டி திரவம் உள்ளே அலைமோதும் டேங்கரை வளைவில் அடக்குவதோ தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உரிமம் வாங்கிய மறுவாரமே அவரிடம் 28 டன் வண்டியைக் கொடுத்துத் தனியே அனுப்புகிறார்கள் என்பதுதான் இன்றைய நிலை.

பள்ளிப் பயிற்சிக்கும் தனி வண்டிக்கும் நடுவே சம்பளத்தோடு கூடிய ஒரு பழகு காலம் தேவை. கனரக உரிமம் பெற்ற இளைஞர் ஓராண்டாவது தேர்ந்த ஓட்டுநரோடு இரண்டாவது ஓட்டுநராகப் போக வேண்டும். பகலில் காலி வண்டி, பிறகு பாரம், பிறகு இரவு, கடைசியில் மலைப்பாதை என்று படிப்படியாக ஸ்டியரிங் அவர் கைக்கு வர வேண்டும். கை தேர்ந்த பிறகு, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுத்துத் தூங்கலாம். இதற்கு ஆகும் செலவைச் சிறு உரிமையாளர் தனியே சுமக்க முடியாது. லாரி உரிமையாளர் சங்கங்கள் இதை வாடகை நிர்ணயத்தில் ஒரு நிபந்தனையாக வைக்க வேண்டும். சரக்கு அனுப்பும் ஆலைகளும் எண்ணெய் நிறுவனங்களும் அதற்குரிய தொகையைச் சேர்த்துக் கொடுக்க முன்வர வேண்டும். நெடுந்தூர வண்டிகளுக்கு இரண்டு ஓட்டுநர் என்ற விதியை மத்திய அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், உரிமம் கைக்கு வந்ததும் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் ஓராண்டு தனியாக நெடுந்தூர நடைக்குப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.